மூன்றரை நிமிடப் படமும் ஒரு தகப்பனின் கோபமும்

காவிரிப் பாசனப் பகுதியில், ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரியும் வாசகி ஒருவர், வழக்கறிஞரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

பள்ளியில் 47 குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 3, 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேரை வைத்து ‘குட்டித் திரை’ என்றொரு மன்றத்தை இரண்டு ஆண்டுகளாக நடத்துகிறார். கருவி என்று இருப்பது அவருடைய பழைய கைபேசி ஒன்றும், மூன்று மூங்கில் கழிகளைக் கட்டிச் செய்த முக்காலியும்தான். பாட்டிகளின் கதைகளைப் பிள்ளைகள் பதிவு செய்தார்கள். தென்னை ஏறுபவரைப் பேட்டி கண்டார்கள். வாய்க்கால் களிமண்ணில் கொக்கும் நண்டும் செய்து, நூல் நூலாக நகர்த்தி, ஒன்றரை நிமிடப் பொம்மைப் படம் எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஆசிரியை தன் பெயரிலுள்ள யூடியூப் சேனலில் போட்டுவந்தார். ஒவ்வொன்றையும் நூறு பேர் பார்த்தால் அதிகம்.

இந்த ஆண்டு ‘எனக்குப் பிடிக்காத நேரம்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னபோது, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அப்பா குடித்துவிட்டு வரும் நேரத்தைச் சொன்னான். சைக்கிள் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, தன்னையும் தங்கையையும் அடுத்த வீட்டுத் திண்ணைக்கு அனுப்பிவிடுவாள் என்றான். ஆசிரியை அதற்குப் பின்னணியில் சோகமான சினிமாப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, மூன்றரை நிமிடப் படமாக வெளியிட்டார். நான்கே நாளில் 60,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். யாரோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஊர் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றவிட்டார்கள். பையனின் அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டு, போலீசுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. தலைமையாசிரியர் மன்றத்தை நிறுத்திவிட்டார். வட்டாரக் கல்வி அலுவலர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். இதற்கு நடுவில், படத்தைப் பார்த்த ஒரு தனிப்பயிற்சிச் செயலிக்காரர், பிள்ளைகளை வைத்து ஒரு விளம்பரம் எடுத்துத் தந்தால் 20,000 ரூபாய் தருவதாக அழைத்திருக்கிறார்.

“சேர்க்கையின்போதே பெற்றோர்கள் புகைப்படத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் ஒரு பைசா வாங்கவில்லை. பாட்டு பத்து நொடிதான். முகத்தை மங்கலாக்கி மறுபடி போடலாமா? நான் எடுத்து, நான் வெட்டி ஒட்டிய படத்தை நீக்கச் சொல்ல இவர்களுக்கு உரிமை உண்டா? மன்றத்தைத் தொடர ஏதாவது வழி இருக்கிறதா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் அனுப்பிய இணைப்புகளில் கொக்கும் நண்டும் வரும் படத்தை இரண்டு முறை பார்த்தேன். பாதியில் கொக்கின் கழுத்து விரிசல் விட்டுவிடுகிறது. அடுத்த காட்சியில் ஓர் ஈர்க்குச்சியைச் செருகி நிமிர்த்தியிருக்கிறார்கள், குச்சியின் முனை வெளியே தெரிகிறது. ஓரிடத்தில் யாருடைய கட்டைவிரலோ காட்சிக்குள் வந்துவிடுகிறது. அதை வெட்டாமல் விட்டீர்களே, அதிலேயே நீங்கள் எப்படிப்பட்ட ஆசிரியை என்று தெரிந்துவிட்டது. அந்தப் பையனின் படத்தை நான் திறக்கவில்லை. அறுபதாயிரத்தோடு இன்னொன்று கூட வேண்டாம் என்று தோன்றியது.

உங்கள் கேள்விகளுக்கு வருமுன், நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசிவிடுகிறேன். கடிதத்தில் உங்களைப் பற்றி இருக்கிறது, தலைமையாசிரியரைப் பற்றி இருக்கிறது, அலுவலரின் கடிதத்தைப் பற்றி இருக்கிறது. ஒரு வாரமாக வராத பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்பது மட்டும் இல்லை. குடித்துவிட்டு வந்து வீட்டை நடுங்கவைக்கும் ஒருவர், அது ஊருக்கே தெரிந்த பிறகு, அதைச் சொன்ன எட்டு வயதுப் பிள்ளையிடமும் அதன் தாயிடமும் எப்படி நடந்துகொள்வார்? எனக்கு முதலில் வந்த கவலை இதுதான். விளக்கக் கடிதத்தை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.

பகல் நேரத்தில், அப்பா வேலைக்குப் போயிருக்கும்போது, அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் அவருக்குப் பழக்கமான ஒரு தாயை அழைத்துக்கொள்ளுங்கள். சமாதானம் பேச நாலைந்து பேராக மாலையில் போய் மட்டும் நிற்காதீர்கள்; நீங்கள் திரும்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைக்கு அடி, மிரட்டல் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். மாவட்டத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பெண்கள் உதவி எண் 181 உண்டு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அலுவலரை அணுகும் உரிமையும் உண்டு. இவற்றை அவரிடம் சொல்லிவையுங்கள். பயன்படுத்துவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். பிள்ளைக்கு நேரடி ஆபத்து என்றால் மட்டும் நீங்கள் காத்திருக்கக் கூடாது.

இன்றே செய்ய வேண்டியது

படத்தை உடனே ‘பிரைவேட்’ ஆக்குங்கள். எடுத்த எடுப்பில் அழித்துவிட வேண்டாம். விசாரணை இருக்கும்போது அழித்தால் எதையோ மறைத்ததாகப் பேச்சு வரும். எந்த நாள், எந்த நேரத்தில் மறைத்தீர்கள் என்று குறித்துவையுங்கள், திரையைப் படமெடுத்துவையுங்கள். ‘அன்லிஸ்டட்’ என்ற தெரிவை நம்பாதீர்கள். இணைப்பு கையில் உள்ள எவரும் பார்க்கலாம், பகிரலாம். அது சாத்திய கதவு, பூட்டிய கதவாகாது. வேறு யாராவது அதே காட்சியை மறுபடி ஏற்றியிருந்தால், சிறுவரின் தனியுரிமை மீறல் என்று காட்டி அந்தத் தளத்தில் புகார் செய்யலாம். புகார் கேட்க ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. வாட்ஸ்ஆப் குழுக்களின் நிர்வாகிகளிடம் நேரில் போய்ப் பேசி நீக்கச் சொல்லுங்கள். எல்லாம் நீங்கிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

எனக்குப் பத்து வயதில் நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். கார்பன் தாளை வைத்து அழுத்தி எழுதினால் நான்கு பிரதி வரும், ஐந்தாவது படிக்க முடியாது. ஓர் இதழில் என் அத்தைக்கும் அவர் மாமியாருக்கும் நடந்த சண்டையை வசனத்தோடு எழுதிவிட்டேன். அன்று சாயங்காலமே நான்கு பிரதியும் வெந்நீர் அடுப்புக்குள் போயின, விவகாரம் முடிந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த அடுப்பு வாய்க்கவில்லை. உங்கள் விவகாரத்துக்கும் என் விவகாரத்துக்கும் இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசமில்லை.

அந்தக் கையெழுத்து எதற்குப் போட்டது?

சேர்க்கைப் படிவத்தில், “பள்ளி நிகழ்வுகளில் புகைப்படம் எடுக்கச் சம்மதம்” என்ற ஒரு வரிக்குக் கீழே போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு, பிள்ளை தன் வீட்டுத் துயரத்தைச் சொல்வதை உலகத்துக்குக் காட்ட அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பெற்றோர் நினைத்தது சுதந்திர தின விழாப் படத்தை. நீங்கள் போட்டது வேறு.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்கிறது. அவர்களைப் பற்றிய தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது: வற்புறுத்தல் இல்லாமல், இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு, விவரம் தெரிந்து தந்ததாக இருக்க வேண்டும்; கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அரசியல் சாசனத்தின் 8-ஆம் அட்டவணையில் உள்ள மொழிகளில், அதாவது தமிழிலும், அதைப் படித்துப் பார்க்கும் வசதி இருக்க வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான பிரிவுகள் நடைமுறைக்கு வர அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பத்திரிகைகளில் 200 கோடி ரூபாய் வரை அபராதம் என்று படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். அது உச்சவரம்பு, பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதியது. ஆனால் ‘சொந்தச் சேனல்’ என்ற வாதம் உங்களுக்கு உதவாது. சட்டம் விலக்குத் தருவது தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு மட்டும். பள்ளி நேரத்தில், பள்ளிப் பிள்ளைகளை எடுத்து, உலகம் பார்க்கப் போடுவது வீட்டு உபயோகத்தில் சேராது என்பதே என் கருத்து.

தரவுச் சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017-இல் சொல்லிவிட்டது. அது அந்தத் தகப்பனுக்கும் உண்டு, அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும். அவரைவிட அதிகமாக அந்தப் பையனுக்கு உண்டு. “அவனாகத்தானே சொன்னான்” என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. உங்களிடம் சொன்னான், கூட இருந்த 21 பேரிடம் சொன்னான். அறுபதாயிரம் என்ற எண்ணை எழுதவே அவன் வகுப்பில் இன்னும் கற்றுத்தரவில்லை.

காசு வாங்கவில்லை என்பது உங்கள் நல்ல எண்ணத்துக்குச் சாட்சி. விளக்கக் கடிதத்தில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் சம்மதம் இல்லாத குறையை அது ஈடுகட்டாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்கு அந்தச் சேனலில் விளம்பர வருமானம் வந்தால், தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 குறுக்கே வந்து நிற்கும். ‘கேமரா வாங்கத்தான்’ என்ற காரணம் அங்கே எடுபடாது. முன் அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

படம் யாருடையது?

நீங்கள் கோபத்தோடு கேட்ட கேள்வி இது. பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவர். கொக்குப் படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு புகைப்படம். பொத்தானை அழுத்தியது பிள்ளைகள். கதையை யோசித்த நாலாம் வகுப்புச் சிறுமி அந்தக் கதையின் படைப்பாளி. வயது ஒரு தடையில்லை, ஒன்பது வயதிலும் பதிப்புரிமை உண்டு. முழுத் திரைப்படம் என்று வந்தால், முன்கை எடுத்துப் பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்கு உரிமை என்று சட்டம் சொல்வதால், அங்கே உங்களுக்கு ஒரு வாதம் இருக்கிறது. ஆனால் பணியின் பகுதியாகச் செய்ததற்கு முதல் உரிமை வேலை கொடுத்தவருக்கு என்ற இன்னொரு பிரிவும் இருக்கிறது. பள்ளி நேரம், பள்ளிக் கட்டடம், பள்ளிப் பிள்ளைகள் என்று அடுக்கினால் உங்கள் வாதம் மெலிந்துவிடும். இந்தச் சண்டையைத் தொடங்காதீர்கள். நீக்கச் சொல்லத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டா என்பதைவிட, அந்தத் தாய் நீக்கச் சொன்னால் மறுக்க உங்களுக்கு முடியுமா என்று பாருங்கள்.

பாட்டு விஷயத்தில் ‘பத்து நொடி வரை பரவாயில்லை’ என்பது ஊர் நம்பிக்கை. நம் சட்டத்தில் அப்படி நொடிக்கணக்கு எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது: கல்வி நிறுவனத்தின் நடவடிக்கைகளில், ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்கள், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்வையாளர்களாக இருக்கும்போது படைப்புகளை நிகழ்த்திக்காட்ட 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடலாம். அதே ஆட்டத்தை யூடியூபில் ஏற்றியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பாட்டு வேண்டுமென்றால் பாரதியாரைப் பாடவையுங்கள். அவர் 1921-இல் மறைந்தார். படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் என்ற நம் சட்டக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. பிள்ளைகளே பாட வேண்டும். யாரோ பாடிய ஒலிப்பதிவை எடுத்துச் சேர்த்தால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமையாளர் இருப்பார்.

மங்கலாக்கினால்?

முகத்தை மங்கலாக்கிய பிறகும் குரல் இருக்கிறது. சீருடை இருக்கிறது, கழுத்தில் அடையாள அட்டை இருக்கிறது, பின்னால் சுவரில் பள்ளியின் பெயர் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு முகம் தெரியாது, சரி. அந்தப் பையனுக்குத் தீங்கு செய்யக்கூடியவர்கள் வெளியூர்க்காரர்களா? 47 பேர் படிக்கும் பள்ளியில், ‘சைக்கிளில் வரும் அப்பா’ என்ற ஒரு சொல் போதும்.

உங்கள் மற்ற படங்களிலும் ஒன்றைக் கவனித்தேன், எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். பாட்டி கதைகளை அவரவர் வீட்டு வாசலிலேயே படமெடுத்திருக்கிறீர்கள். நம் ஊர்களில் தெருவைக் காட்டினால் சாதியைக் காட்டியதாகிவிடும். எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பது ஊருக்குத் தெரிந்ததுதான்; ஆனால் அது காணொலியாக இணையத்தில் கிடந்து, பத்தாண்டு கழித்து அந்தப் பிள்ளை கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் இடத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம். கைபேசியில் இருப்பிடக் குறிப்பு பதிவாகும் வசதியை அணைத்துவையுங்கள். பிள்ளைகளின் முகத்தைக் கேலிச்சித்திரமாக மாற்றித் தருகிறோம் என்று வரும் செயலிகளில் அவர்கள் படங்களை ஏற்றாதீர்கள்; எங்கே போகிறது என்று உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது.

இருபதாயிரம் ரூபாய்

வேண்டாம். இதில் எடைபோட ஒன்றுமில்லை. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை விளம்பரத்தில் நடிக்கவைப்பதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் அறவே தடுக்கவில்லை, ஆனால் கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கிறது: மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றி மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் வங்கி வைப்பாகப் போட வேண்டும், படிப்பு கெடக் கூடாது. இதையெல்லாம் செய்ய அந்த நபர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகாமல் உங்களை ஏன் அழைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுத் துயரத்தைச் சொன்ன பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு விளம்பரத்துக்கு ஆள் தேடுபவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பிள்ளைகளிடமே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாராமே. சிறுவரின் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து இந்த நாட்டில் சட்டம்.

விளக்கக் கடிதமும் போலீஸ் பயமும்

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களைக் கைது செய்யும்படியான குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவதூறு என்று அவர் தனி வழக்குப் போட முயலலாம், எளிதில் நிற்காது. துறை நடவடிக்கை வரக்கூடும், அதை மனத்தில் வைத்து எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மன்றம் எப்போது தொடங்கியது, தலைமையாசிரியருக்குத் தெரிந்து நடந்ததா, வருமானம் இல்லை என்பது, படத்தை மறைத்த நாள், இனி தனிச் சம்மதம் இல்லாமல் எதுவும் வெளியிட மாட்டேன் என்ற உறுதி, இவ்வளவுதான். குழந்தை நலனுக்காகச் சமூகத்தின் கண்ணைத் திறந்தேன் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. அதை எடுத்துவிடுங்கள். பையனின் பெயரையோ அவன் சொன்னதையோ விளக்கத்தில் திரும்ப எழுத வேண்டாம். அந்தக் காகிதம் எத்தனை மேசைகளுக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். குழந்தை நலக் குழுவின் விசாரணை தொடங்கிவிட்டால், அது பற்றிய செய்தி எதிலும் பிள்ளையின் பெயர், பள்ளி, முகவரி வெளிவரக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளூர் நிருபர் யாராவது அழைத்தால் இதைச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

மன்றம் தொடர வேண்டும்

தொடர வேண்டும் என்றுதான் சொல்வேன். நிறுத்திய தலைமையாசிரியர் மீதும் எனக்குக் கோபமில்லை. அவர் பயந்திருக்கிறார், பயப்படக் காரணமும் இருந்தது. ஆனால் இந்தக் கதையில் கைபேசியைப் பிடித்த பிள்ளைகள் யாரும் தவறு செய்யவில்லை. கோளாறு எடுத்ததில் இல்லை, ஏற்றியதில் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் உங்கள் மன்றத்தின் பிரச்சினைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு அறுபதாயிரம் பேர் தேவையில்லை. மாதக் கடைசியில் வகுப்பறைச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பெற்றோரை அழைத்துப் போட்டுக் காட்டினால், தன் பிள்ளை செய்த கொக்கு நடப்பதைப் பார்க்க வயல் வேலை முடித்து வருவார்கள். அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா நடக்கிறது, கலைத் திருவிழா தொடக்க வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. எனவே இது துறைக்கு அந்நியமான முயற்சி என்று யாரும் சொல்ல முடியாது. எழுத்தும் ஓவியமும் ஊர் தாண்டிப் போக வேண்டுமென்றால், 2022-இல் பள்ளிக் கல்வித் துறை 4, 5-ஆம் வகுப்புக்காகத் தொடங்கிய ‘ஊஞ்சல்’ இதழ் இருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து ஒரு தீர்மானம் போடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான், எனவே அவர்கள் வாயால் வரும் அனுமதிக்கு வலு அதிகம். மன்றம் எந்த நேரத்தில் நடக்கும், பதிவுகள் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பது அதில் இருக்கட்டும். பதிவுகள் உங்கள் சொந்தக் கைபேசியில் இருக்கவே கூடாது; பள்ளிக் கணினியிலோ தனி நினைவட்டையிலோ இருக்கட்டும். கைபேசி தொலைந்தால், உங்கள் வீட்டுப் பிள்ளை எடுத்து விளையாடினால், என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சம்மதப் படிவம் தமிழில், ஒரு பக்கத்துக்குள், மூன்று தனித்தனிக் கேள்விகளாக இருக்கட்டும்: மன்றத்தில் சேரலாமா, பள்ளிக்குள் திரையிடலாமா, வெளியே அனுப்பலாமா. முதல் இரண்டுக்குச் சரி என்று சொல்லி மூன்றாவதை மறுக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு மன்றத்தில் எந்தக் குறைவும் வரக் கூடாது. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிய பிறகு ரேகை வாங்குங்கள். ஒவ்வொரு படத்தையும் வெளியே அனுப்பும்போது மறுபடி கேளுங்கள். பிள்ளையையும் கேளுங்கள், சட்டத்தில் அதன் சம்மதத்துக்கு மதிப்பில்லாமல் இருக்கலாம், அதற்காகக் கேட்காமல் இருப்பது அழகில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் “இதை உன் மாமா பார்த்தால் பரவாயில்லையா? சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் பார்த்தால்?” என்று கேட்டால் அதற்குப் புரியும்.

என்ன எடுப்பது என்பதில் எனக்கு ஓர் ஆசை உண்டு. வழக்கறிஞர் சொல்ல வேண்டிய விஷயமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். முகமே தேவைப்படாத வேலைகள் இந்த வயதுக்கு ஏராளமாக இருக்கின்றன. களிமண், புளியங்கொட்டை, நிழல் பொம்மை, கைகள் மட்டும் தெரியும் படங்கள். நொடிக்கு 8 படம் என்று வைத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 480 முறை நண்டை நகர்த்த வேண்டும். பெருக்கல் வாய்ப்பாட்டை இதைவிட நன்றாக யாரும் கற்றுத்தர முடியாது. வானொலி நாடகம் போடுங்கள்: தட்டில் அரிசியைச் சரித்தால் மழை, தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டினால் குதிரை. கைபேசி யார் கையில் என்பதற்கு ஒரு முறைப்பட்டியல் எழுதி ஒட்டிவையுங்கள். நீங்கள் அனுப்பிய புகைப்படங்களில் முக்காலிக்குப் பின்னால் நிற்பது எப்போதும் பையன்கள், முன்னால் நடிப்பது எப்போதும் பெண் பிள்ளைகள்.

‘பிடிக்காத நேரம்’, ‘அழுத நாள்’ போன்ற தலைப்புகளை ஒலிவாங்கிக்கு முன்னால் வைக்காதீர்கள். பிள்ளைகள் அவற்றைச் சொல்லக் கூடாது என்பதற்காக இல்லை. பதிவு ஓடும்போது கேட்பவர் ஆசிரியராக இருப்பதில்லை, இயக்குநராகிவிடுகிறார். அப்படியும் ஒரு பிள்ளை ஏதாவது சொல்லத் தொடங்கினால் பதிவை நிறுத்துங்கள், மற்றவர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டுக் கேளுங்கள். அது பாலியல் தொல்லையாக இருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. தெரிவிக்காமல் விடுவது ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்கும் வேலை உங்களுடையதில்லை. அதுவரை பதிவானதை யாருக்கும் காட்டாமல், அழிக்காமல், பாதுகாப்பாக ஒப்படைத்துவிடுங்கள்.

கடைசியாக, அந்தப் பையன். அவன் திரும்பி வரும் நாளில் வகுப்பில் எல்லோர் முன்னும் அவனைப் பாராட்டிப் பேசிவிடாதீர்கள். மன்னிப்பும் கூட்டத்தில் கேட்காதீர்கள். தனியாக உட்காரவைத்து, அவன் சொன்னதில் தப்பில்லை, அவனைக் கேட்காமல் ஊருக்குக் காட்டியதுதான் தப்பு, அதைச் செய்தது டீச்சர் என்று சொல்லுங்கள். விளக்கம் கொடுத்து முடிந்து, துறை தரப்பில் அதை வைத்திருக்கத் தேவையில்லை என்று ஆன பிறகு, அம்மாவும் சம்மதித்தால், படத்தை அழிக்கும் பொத்தானை அவனையே அழுத்தச் சொல்லுங்கள். பிறகு சுவரில் ஒட்டிய முறைப்பட்டியலைப் பாருங்கள். அந்த வெள்ளிக்கிழமை கைபேசி பிடிப்பது அவன் முறையாக இருந்தால், அவன் கையில் கொடுங்கள்.